வழுவும் வழுவமைதியும்

'டீவியேட்' என்னும் ஆங்கில வினைச்சொல் தன் பிறப்பிடமான லத்தீனில் சாலையை விட்டு நீங்குதல் என்னும் எளிய பொருளையே கொண்டிருந்தது. 'டி' என்னும் முன்னொட்டு நீங்குதலையும் 'வியா' என்னும் பெயர்ச்சொல் சாலையையும் குறித்தன. நடந்து செல்லும் வழியிலிருந்து கால் விலகுவதைச் சொன்ன அச்சொல், பின்னர் வழக்கத்திலிருந்தும் விதியிலிருந்தும் மனிதர் விலகுவதைச் சொல்லும் சொல்லாக விரிந்தது. இதனை மராத்தி பேசுவோருக்கு விளக்கப் புகுந்தால், அகராதியில் ஒரு நிகர்ச்சொல்லைத் தேடும் வேலையாகத் தொடங்குவது விரைவிலேயே அறவியல் வினாவாக மாறிவிடுகிறது. நெறியிலிருந்து விலகுவது எப்போதும் குற்றமா, விலகியவர் திரும்பி வரவேண்டுமா, அல்லது சில நேரங்களில் நெறியே திருந்தவேண்டுமா என்பதே அவ்வினா.

இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு மூக்கண்டப்பள்ளி பொருத்தமான இடம். ஓசூர் மாநகரின் பகுதியாகிவிட்ட இவ்வூர் சிப்காட் தொழில் வளாகத்தை ஒட்டியும் கர்நாடக எல்லைக்கு அருகிலும் அமைந்திருப்பதால், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் இங்கே அன்றாடம் அருகருகே ஒலிக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றன; நடிகர் ரஜினிகாந்தின் மூதாதையர் ஊர் என்று பலரும் அறிந்த நாச்சிக்குப்பம் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. தெற்கில் மராத்தியர் நிலைகொண்டதன் பெரிய தொடக்கம், 1638இல் பெங்களூர் பீஜப்பூர்ப் படைகளின் கைக்கு வந்து, மராத்தியத் தளபதி ஷாஹாஜி போன்ஸ்லேக்கு ஜாகீராக, அதாவது படைப்பணிக்கு ஈடாக வரிவருவாயை நுகரும் உரிமையாக, வழங்கப்பட்டதில் இருக்கிறது. அவருடைய மகன் ஏகோஜி 1670களின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றித் தொடங்கிய அரசமரபு 1855 வரை நீடித்தது.

எல்லைப்புறத்து மொழிகள் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவையாயினும், நெறி பிறழ்தலைப் பற்றி அவை தீட்டும் சித்திரம் ஒன்றே. தமிழர் 'வழி தவறினான்' என்பதைத் தெலுங்கரும் கன்னடரும் 'தாரி தப்பு' என்னும் தொடரால் சொல்கிறார்கள். மராத்தியர் 'வாட் சுகணே' என்கிறார்கள். மராத்தியில் 'வாட்' என்பது பாதை. 'ஆட்வாட்' என்பது பெருவழியை விட்டு ஒதுங்கிச் செல்லும் கிளைப்பாதை. ஆகவே லத்தீன் சொல்லின் அடியிலுள்ள உருவகத்தை மராத்தியருக்குப் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. மேலும், மராத்தியரின் சமய வாழ்விலேயே நடையும் பாதையும் நடுநாயகமாக இருக்கின்றன. ஆஷாட மாத ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரத்து விட்டலனைக் காணக் கூட்டம் கூட்டமாக நடந்து செல்லும் பயணம் 'வாரி' எனப்படுகிறது, அவ்வாறு நடப்பவர் 'வார்க்கரி' எனப்படுகிறார். பலரும் சேர்ந்து நடந்து நடந்து உண்டாக்கிய பாதையே நெறி என்பதை அம்மக்கள் கால்களாலேயே அறிந்தவர்கள்.

எனினும் பாதையை விட்டு நீங்கும் விதங்களை மராத்தி ஒரே சொல்லால் குறிப்பதில்லை. இலக்கின்றி அலைந்து போவதை, கரை தெரியாமல் அலைக்கப்படும் கலத்தைப் போல் திசை இழப்பதை, 'பரகடணே' குறிக்கிறது. நிலையாக நின்ற ஒன்று தன் இடத்திலிருந்து அசைந்து சரிவதை 'டளணே' குறிக்கிறது; அதன் எதிர்மறையான 'அடள்' என்னும் சொல், துருவன் தவத்தால் பெற்ற அசையாத விண்மீன் பதவிக்கு அடைமொழியாக வழங்குகிறது. ஏடறிந்தோர் எழுத்தில் வரும் 'விசலித்' என்னும் வடசொல், மனம் கலங்குவதற்கும் கோட்டிலிருந்து விலகுவதற்கும் பொதுவாக நிற்கிறது. முதற்சொல்லில் இரக்கமும், இரண்டாவதில் உறுதி குலைந்ததைப் பற்றிய வருத்தமும், மூன்றாவதில் ஓரளவு நடுநிலையும் உறைந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல்லோ இம்மூன்று மனநிலைகளையும் ஒன்றாக மூடிவைத்திருக்கிறது. எனவே அதனை விளக்குபவர் முதலில் அம்மூடியைத் திறக்கவேண்டியிருக்கிறது.

தமிழில் இவ்வேறுபாடு இன்னும் ஆழமாக வேரோடியிருக்கிறது. 'நெறி' என்னும் சொல் பாதையையும் ஒழுங்கையும் ஒருசேரக் குறிக்கிறது. 'ஆறு' என்பதும் அவ்வாறே வழியாகவும் ஒழுகலாறாகவும் பொருள்படுகிறது. 'ஒழுக்கம்' என்பது 'ஒழுகு' என்னும் வினையிலிருந்து பிறந்ததாதலால், நல்ல நடத்தையைத் தமிழ் மனம் இடையறாது ஓடும் நீரோட்டமாகக் கண்டது என்று கொள்ளலாம். அதற்கேற்பத் தவறும் பல வடிவங்களைப் பெறுகிறது. 'வழுவு' என்பது வழுக்குதலோடு உறவுடையது, அதாவது நிற்க நினைத்தும் கால் நழுவுதல். 'பிறழ்' என்பது இருக்கவேண்டிய முறையிலிருந்து மாறிக் கிடத்தல். 'கோடு' என்பது வளைதல், அதிலிருந்து பிறந்த 'கோட்டம்' மனத்தின் வளைவையும் நீதியின் சாய்வையும் சொல்லும். வழுவியவரைக் கைதூக்கிவிடலாம், பிறழ்ந்ததை முறைப்படுத்தலாம், கோணியதை நிமிர்த்தலாம். ஒவ்வொரு வினைக்குள்ளும் அதற்குரிய மருந்தும் அடங்கியிருக்கிறது என்பது இச்சொற்களின் சிறப்பு.

இக்காலத்தில் 'டீவியேட்' என்னும் சொல்லுக்குப் பழியே கலவாத மற்றொரு பொருளும் உண்டு. கார்ல் பியர்சன் 1890களில் பெயரிட்ட புள்ளியியல் அளவையைத் தமிழ்ப் பாடநூல்கள் 'திட்டவிலக்கம்' என்றும், மராத்திப் பாடநூல்கள் 'பிரமாண் விசலன்' என்றும் வழங்குகின்றன. ஒரு தொகுதியிலுள்ள எண்கள் தம் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை அது காட்டுகிறது. சராசரியிலிருந்து தள்ளி நிற்பது ஓர் எண்ணின் குற்றமாகாது. தொழிற்சாலைகளிலும் இதே அறிவு செயல்படுகிறது. 25 மில்லிமீட்டர் விட்டம் வேண்டிய ஓர் அச்சுத்தண்டை லேத்தில் கடையும்போது எந்த இரண்டு தண்டும் மிக நுண்ணிய அளவில் ஒத்திருப்பதில்லை என்பதால், வரைபடம் அளவைச் சொல்வதோடு நில்லாமல், அதற்கு மேலும் கீழும் எவ்வளவு வேறுபடலாம் என்பதையும் 'டாலரன்ஸ்' என்னும் பெயரில் சொல்லிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளும் எல்லையைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதே நன்கு அமைந்த விதியின் அடையாளம் என்னும் உண்மை இங்கே தண்டின் வடிவில் கையில் கிடைக்கிறது.

அவ்வெல்லைக்கும் அப்பால் சென்றுவிட்டவற்றை என்ன செய்வது என்னும் கேள்விக்குத் தமிழ் இலக்கண மரபு தரும் விடை, மெய்யியலாரும் கற்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோலாரைத் தம் பழம்பதியாகக் கூறிக்கொண்ட கங்க மரபினனான சீயகங்கனின் வேண்டுகோளால், சமண முனிவரான பவணந்தி நன்னூலை இயற்றினார். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்கிவைத்த சிந்தனையைப் பின்பற்றி, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடங்களில் சொல் பிறழக்கூடும் என்று அவர் வகுத்தார். பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு. ஆனால் இவ்விரண்டோடு மரபு நின்றுவிடவில்லை. பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் மூன்றாம் நிலையை அது 'வழுவமைதி' என்று பெயரிட்டு இலக்கணத்துக்குள்ளேயே இடம் கொடுத்தது.

வழுவமைதி தன் விருப்பத்துக்கு விதியை மீறும் உரிமையன்று. பசுவை ஒருவர் 'அம்மை' என்று அழைத்தால் அஃறிணையை உயர்திணையாக்கிய வழு நிகழ்கிறது. எனினும் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களுள் ஒன்று அங்கே இருக்குமாயின் அது அமைதியாகிறது. இன்னும் புறப்படாத ஒருவர் 'இதோ வந்துவிட்டேன்' என்று எதிர்காலத்தை இறந்தகாலத்தால் சொன்னால், விரைவு என்னும் காரணம் அதனைக் காக்கிறது. அதாவது, இலக்கணி முதலில் நிகழ்ந்தது வழுவே என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்துக் காரணத்தைக் கேட்கிறார். காரணம் இன்னின்னவற்றுள் அடங்குகிறதா என்று பார்க்கிறார். அதன் பின்னரே இசைவு தருகிறார். விதியும் கெடாமல், வாழும் பேச்சும் ஒடுக்கப்படாமல் இரண்டையும் காக்கும் முறை இது.

இம்முறையின் மறுவடிவம் சிப்காட் வளாகத்துத் தொழிற்கூடங்களில் நாள்தோறும் புழங்குகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9000 தரநிலை, குறித்த அளவிலிருந்து விலகிப் பொருளை உருவாக்க முன்கூட்டியே தரும் இசைவையும், விலகி உருவாகிவிட்ட பொருளைப் பயன்படுத்தப் பின்னர்த் தரும் இசைவையும் வேறுபடுத்தி வரையறுக்கிறது. முன்னதைப் பெரும்பாலும் இத்தனை எண்ணிக்கைக்கு அல்லது இத்தனை காலத்துக்கு, இன்ன பயன்பாட்டுக்கு மட்டும் என்று எல்லை கட்டியே வழங்குவார்கள். பணியாளர் பேச்சில் 'டீவியேஷன்' என்று வழங்கும் அந்தத் தாள், காரணமும் எல்லையும் ஒப்புதல் தந்தவரின் கையொப்பமும் கொண்ட வழுவமைதியே. விலகலை மறைப்பது அங்கே பெருங்குற்றம்; விலகலை எழுதிக் காட்டி இசைவு பெறுவது முறை. ஆகவே மராத்தி பேசும் ஒரு பணியாளருக்கு 'டீவியேட்' என்னும் வினைச்சொல்லை விளக்க, அவர் கையிலிருக்கும் அளவுமானியே போதிய தொடக்கமாகும்.

விலகியவர் திரும்புவதற்கான வழியை இந்தியச் சமய மரபுகள் ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றன. பவணந்தி சார்ந்த சமணம் நோன்பிலிருந்து விலகுதலை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. மனத்தூய்மை குன்றி எல்லை கடக்கும் எண்ணம் எழுவது அதிக்கிரமம். எல்லையைத் தாண்ட முனைவது வியதிக்கிரமம். நோன்பில் ஓரளவு குறை நேர்வது அதிசாரம். நோன்பு முற்றிலும் முறிவது அநாசாரம். இவற்றை எண்ணிப் பார்த்து வருந்தி மீளும் சடங்குக்குப் 'பிரதிக்கிரமணம்' என்று பெயர்; அதன் நேர்ப்பொருள் திரும்பி நடத்தல் என்பதாகும். மகாபாரதத்தின் சாந்தி பருவமோ, பேரிடர்க் காலத்துக்கென 'ஆபத்தர்மம்' என்னும் தனி அறத்தை வகுத்து, பஞ்சத்தில் உயிர் காக்க விசுவாமித்திரர் விலக்கப்பட்ட ஊனை உண்ண முற்பட்ட கதையைச் சொல்கிறது. முன்னது விலகலுக்குப் படி கண்டது, பின்னது விலகலுக்குச் சூழல் கண்டது. இரண்டுமே விலகிய மனிதரைக் கைவிடவில்லை.

ஆனால் இவை அனைத்தும் நெறி நல்லது, விலகல் அதற்கு விளக்கம் சொல்லவேண்டியது என்னும் முன்முடிவின்மேல் நிற்கின்றன. அம்முன்முடிவையே அசைத்துப் பார்க்கும் வரலாறு மராத்தியரிடம் உண்டு. விட்டல்பந்த் என்பவர் காசியில் துறவு பூண்டபின் குருவின் ஆணையால் இல்லறத்துக்குத் திரும்பினார் என்றும், அதனால் ஊரார் அக்குடும்பத்தை ஒதுக்கிவைத்தார்கள் என்றும், அவருடைய பிள்ளைகளுக்கு உபநயனம் மறுக்கப்பட்டது என்றும் வார்க்கரி மரபு சொல்கிறது. அப்பிள்ளைகளுள் ஒருவரான ஞானேசுவரரே, கீதையின் பொருளை வடமொழியிலிருந்து எடுத்து மக்கள் பேசும் மராத்தியில் விரித்து, 1290இல் ஞானேசுவரியை நிறைவுசெய்தார். தந்தையின் விலகல் தண்டிக்கப்பட்டது. மகனின் விலகல், அதாவது ஞானத்தை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்த செயல், காலப்போக்கில் ஒரு பண்பாட்டின் பெருவழியாயிற்று. ஆளந்தியிலிருந்து இன்றும் புறப்படும் வாரி, ஒதுக்கப்பட்ட ஒருவரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தியே நடக்கிறது.

இதனினும் கூர்மையான சான்று சோகாமேளரின் வாழ்வு. தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட மகார் குலத்தில் பிறந்ததால் பண்டரிபுரத்துக் கோயிலுக்குள் விடப்படாத அவர், விட்டலனைப் பாடியவாறே வாழ்ந்து, 1338இல் மங்கள்வேட்டையில் கட்டுமானப் பணியின்போது மதில் இடிந்து மறைந்தார் என்பது மரபுச் செய்தி. அவருடைய சமாதி கோயில் வாசலின் படியருகே அமைந்தது. அவர் அருளாளராகப் போற்றப்பட்டார், அவருடைய பாடல்கள் பாடப்பட்டன. ஆயினும் அவருடைய குலத்தாருக்குக் கதவு திறக்கவில்லை. 1947 மே மாதத்தில் மராத்தி எழுத்தாளரும் விடுதலைப் போராளியுமான சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னரே அக்கோயில் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கப்பட்டது. வாசற்படிக்கும் கருவறைக்கும் இடைப்பட்ட அச்சிறு தொலைவைக் கடக்க 600 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டிலும் இதே வடிவம் காணப்படுகிறது. பெரியபுராணம் திருநாளைப்போவாரைத் தீயில் மூழ்கி எழச்செய்தே தில்லைக் கோயிலுக்குள் அனுமதிக்கிறது. திருப்பாணாழ்வாரோ திருவரங்கத்துக்குள் ஒருவர் தோளில் சுமக்கப்பட்டுச் செல்கிறார். இவையெல்லாம் வழுவமைதிகள், அதாவது ஒருவரின் பெரும்பக்தியைக் காரணமாகக் காட்டி அவருக்கு மட்டும் வழங்கப்பட்ட விலக்குகள். அவற்றைப் பாடிய நெஞ்சங்களின் கனிவை ஐயுறவேண்டியதில்லை. எனினும் விலக்குப் பெற்றவர் எவ்வளவு உயர்வாகப் போற்றப்படுகிறாரோ அவ்வளவுக்கு, விலக்குப் பெறாத ஏனையோர் வெளியே நிற்பது இயல்பானதாகவே தோன்றத் தொடங்குகிறது. தவறான நெறி ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுள், ஒருவருக்கு வழுவமைதி தந்து எஞ்சியோருக்கு வாயிலை மூடுவதைப்போல் வலிமையானது வேறில்லை.

வழுவமைதிக்கும் நெறித் திருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னை மாகாணத்தின் சட்ட வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராளி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றபோது, வழக்கத்தின் பார்வையில் அது அப்பட்டமான நெறிமீறலாக இருந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கோயில் பொறுப்பாளர்கள் விரும்பினால் கதவைத் திறக்க இடமளித்து, நுழைவை நடத்தியோருக்குத் தண்டனையிலிருந்து காப்பும் அளித்தது. அது நிகழ்ந்த வழுவுக்கு அமைதி கண்ட சட்டம். 1947இல் வந்த ஆலய நுழைவுச் சட்டமோ நுழைவதை உரிமையாகவே அறிவித்தது. முதலாவது சட்டத்தில் நுழைந்தவர் மன்னிக்கப்படுகிறார், இரண்டாவதில் அவரிடம் மன்னிக்க எதுவும் இல்லை. எட்டு ஆண்டுகளில் வழு வழுவமைதியாகி, வழுவமைதி வழாநிலையாயிற்று.

விலகுதல் என்னும் சொல்லுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு; ஒரு வழியில் இருந்தவரே அதை விட்டு விலகமுடியும். தெற்கில் வழங்கும் மராத்தியைப் புணேயின் செந்தர மராத்தியோடு ஒப்பிட்டு, அது பிறழ்ந்த பேச்சு என்று கருதுவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது. மோல்ஸ்வர்த்தின் மராத்தி அகராதி வெளிவந்தது 1831இல். தாதோபா பாண்டுரங்கரின் இலக்கணம் வெளிவந்தது 1836இல். தெற்கு மராத்தியரின் முன்னோர் பலர் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே புறப்பட்டு வந்துவிட்டவர்கள்; தஞ்சைப் பெரிய கோயிலில் போன்ஸ்லே மரபின் வரலாற்றை மராத்தியில் பொறித்த நீண்ட கல்வெட்டே 1803ஐச் சேர்ந்தது. போடப்படாத சாலையிலிருந்து எவரும் விலகியிருக்க முடியாது. பழையன வழக்கொழிவதையும் புதியன வந்து சேர்வதையும் காலத்தின் இயல்பாகக் கொண்டு, அவற்றைக் குற்றமென எண்ணலாகாது என்று நன்னூலின் ஒரு நூற்பா கூறுவது, இம்மக்களின் பேச்சுக்கும் பொருந்தும் நீதியாகும்.

ஆதலால் 'டீவியேட்' என்பதை மராத்தியருக்கு ஒரே சொல்லால் பெயர்த்துத் தருவதைவிட, அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எழுப்பவேண்டிய வினாக்களைத் தருவதே நேர்மையான விளக்கமாகும். குறிப்பிட்ட நெறி அவருடைய நெறிதானா, அவர் வழுக்கினாரா தெரிந்தே திரும்பினாரா, காரணமும் எல்லையும் உண்டா, மறைக்கிறாரா வெளிப்படச் சொல்கிறாரா என்பன முதலில் வருவன. இவற்றுக்குப் பின், அந்த நெறி எவரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது என்னும் வினா வருகிறது. அதற்குச் சரியான விடை கிடைக்காதவரை விலகியவரைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமை பிறப்பதில்லை.

ஞானேசுவரர் தம் நூலை நிறைவுசெய்யும்போது இறைவனிடம் கேட்கும் 'பசாயதான்' என்னும் வேண்டுதலில், தீயோர் அழியவேண்டும் என்று கேட்கவில்லை; அவர்களிடமுள்ள 'வ்யங்கடி', அதாவது கோணல், உதிர்ந்துபோகவேண்டும் என்றே கேட்கிறார். தமிழின் கோட்டம் என்னும் சொல்லுக்கு அது உடன்பிறப்பைப் போன்றது. ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, கோணல் ஊராரிடத்திலா தம் தந்தையிடத்திலா என்பதை வாழ்ந்தே அறிந்த ஒருவர் இதனைக் கேட்டிருப்பதால், அக்கோணல் தனிமனிதரின் நெஞ்சில் மட்டும் இருப்பதாக அவர் எண்ணியிருக்க இயலாது. தொழிற்கூடத்தில் ஒரே விலகலுக்கு மீண்டும் மீண்டும் இசைவு கேட்கப்படும்போது, நல்ல பொறியாளர் லேத்தை மட்டும் பார்ப்பதில்லை, வரைபடத்தையும் எடுத்துப் பார்க்கிறார். பிழை அங்கே இருந்தால் கோட்டை மாற்றி வரைகிறார். சமயங்களும் சமூகங்களும் தம் வரைபடங்களைத் திறந்து பார்க்கத் தயங்கிய ஒவ்வொரு நூற்றாண்டிலும், சோகாமேளரைப் போன்றவர்கள் படியருகே காத்திருக்கவேண்டியதாயிற்று.